சான்றிதழுக்கு முன்பே: தாம்பரம் புறநகர்ப் பள்ளிகளும் கற்றல் குறைபாடும்

வாசிப்பைப் பாதிக்கும் டிஸ்லெக்சியா, கணக்கைப் பாதிக்கும் டிஸ்கால்குலியா இரண்டையும் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ‘குறிப்பிட்ட கற்றல் குறைபாடு’ என்னும் வகையில் சேர்த்தது. அவற்றைக் கூடிய விரைவில் கண்டறியும் கடமையைக் கல்வி நிறுவனங்களுக்கு விதித்தது. ஆனால் 2018 ஜனவரியில் வெளியான மதிப்பீட்டு வழிகாட்டுதல்கள், மூன்றாம் வகுப்பு அல்லது 8 வயது என்ற கட்டத்தில்தான் பள்ளியின் முதற்கட்டச் சோதனையை வைத்தன. அவற்றின்படி சான்றிதழும் 8 வயதிலிருந்துதான். 14, 18 வயதுகளில் மறு மதிப்பீடும் இருந்தது. சான்றிதழுக்கு வயது வரம்பு இருப்பது நியாயமே. அதையே உதவிக்கும் வரம்பாகக் கொள்வது நியாயமில்லை. சென்னையின் புறநகரில் தாம்பரம், பல்லாவரம், மேடவாக்கம் வட்டாரப் பள்ளிகளில் இந்தக் குழந்தைகளுக்கான உதவி தமிழ் வகுப்பறையின் பதிவேட்டிலிருந்தே தொடங்க வேண்டும், தொடங்கவும் முடியும் என்பதே என் வாதம்.

வாசிப்புக் குறைபாடு எந்த எழுத்துமுறையில் வெளிப்படுகிறதோ அதற்கேற்ப முகம் மாறுகிறது. ஆய்வாளர் பவுலேசுவும் குழுவினரும் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், இத்தாலி, பிரான்ஸ், இங்கிலாந்து நாடுகளைச் சேர்ந்த டிஸ்லெக்சியா உள்ளோரின் மூளைச் செயல்பாட்டில் ஒரே வகைக் குறைவு தென்பட்டது. இருந்தும் இத்தாலியர் மற்றவர்களைவிடச் சரியாக வாசித்தனர். எழுத்துக்கும் ஒலிக்கும் நேரான தொடர்பு இருக்கும்போது பிழை குறைகிறது, வேகக்குறைவு எஞ்சுகிறது. தமிழ் அந்தப் பக்கம் சாய்ந்த எழுத்துமுறை என்றாலும் அதற்கே உரிய சுமைகள் உண்டு. ‘கொ’ என்ற எழுத்தில் உயிர்க்குறி மெய்யின் இருபுறமும் பிரிந்து நிற்கிறது. கண் முதலில் காணும் கொம்பு, ஒலியில் கடைசியாக வருகிறது. கடல், பகல், தங்கம் மூன்றிலும் ஒரே ககரம் மூன்று விதமாக ஒலிக்கிறது. 247 எழுத்துகளும் பழகக் காலம் பிடிக்கும். கன்னடத்தில் சோனாலி நாக் 2007-இல் வெளியிட்ட ஆய்வு, எழுத்துகளைக் கற்பது நான்காம் வகுப்பு வரையிலும் நீள்வதைக் காட்டியது. ஆகவே தமிழ்க் குழந்தையிடம் பிழைகளை மட்டும் எண்ணினால் குறைபாடு கண்ணில் படாது. ஒரு பத்தியைத் தட்டுத்தடுமாறியேனும் சரியாகப் படித்துவிடுகிற பிள்ளையை ‘மந்தம்’ என்று ஒதுக்கிவிடுவோம். தேசிய மூளை ஆராய்ச்சி மையம் 2015-இல் கொண்டுவந்த டாலி மதிப்பீட்டுக் கருவியின் முதல் நான்கு மொழிகளில் தமிழ் இல்லை என்பது இந்த இடத்தில் உறுத்துகிறது.

எண்களிலும் இதே கவனம் வேண்டும். பதினொன்று, இருபத்தொன்று எனத் தமிழ் எண்ணுப்பெயர்கள் பத்தின் அடுக்கைத் தெளிவாகக் காட்டுகின்றன. ஆனால் தொண்ணூறில் ‘நூறும்’ தொள்ளாயிரத்தில் ‘ஆயிரமும்’ ஒலிக்கின்றன. இடமதிப்பே பிடிபடாத பிள்ளைக்கு இது கூடுதல் இடறல். பத்துக் குச்சிக் கட்டுகளும் புள்ளி அட்டைகளும் எண்கோடும் வேண்டியது இங்குதான். வாய்ப்பாட்டை இன்னொரு முறை ஒப்பிக்க வைப்பதால் பயனில்லை.

2022 ஜூனில் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையிலான குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைப்படுத்தியது. நல்ல கற்பித்தலுக்குப் பிறகும் பருவம் பருவமாக ஒரு பிள்ளை அரும்பிலேயே நின்றால், அந்தப் பதிவே உதவிக்கான முதல் அழைப்பு. நிபுணர் மையங்களை நாடும் மாற்றுவழி எத்தனை தொலைவு என்று பாருங்கள். 1990-களின் தொடக்கத்திலிருந்து இயங்கும் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷனின் அனன்யா மையம் தி. நகரில் இருக்கிறது; தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் மாம்பலம் போக வேண்டும். மத்திய அரசின் பன்முக ஊனமுற்றோர் மேம்பாட்டு நிறுவனம் முட்டுக்காட்டில். அங்கே ரயிலே கிடையாது. நாள்கூலி வேலையில் இருக்கும் தாய்க்கு ஒவ்வொரு பயணமும் ஒரு நாள் சம்பளம்.

அரும்புப் பதிவிலிருந்து தொடங்கும் இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஓஎம்ஆர் எனப்படும் பழைய மாமல்லபுரம் சாலைப் பகுதியின் கட்டுமானத் தொழிலாளர்களின் பிள்ளைகளில் பலருக்கு வீட்டு மொழி ஒடியாவோ இந்தியோ தெலுங்கோதான். பள்ளி மாறி மாறி வந்தவர்களும் பலர். அவர்களும் அரும்பில்தான் நிற்பார்கள். எல்லோரையும் குறைபாடுள்ளவர்கள் என்று முத்திரை குத்தலாமா? கூடாது. நான் கேட்பது முத்திரையை அல்ல, பாடத்தை. ஒலிகளைப் பிரித்துச் சேர்க்கும் பயிற்சி தினமும் கொஞ்ச நேரம் சில மாதங்கள் நடந்தால், வாய்ப்பின்மையால் பின்தங்கியவர்கள் பெரும்பாலும் முன்னேறிவிடுவார்கள். முன்னேறாதவர்களையே வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர் விரிவாகப் பார்க்க வேண்டும்.

இந்தப் பிள்ளைகள் பாடத்தைக் கேட்டுக் கற்க, உரையை வாசித்துக் காட்டும் செயலிகளும் வேண்டும் என்றால், அவை வாசிப்பையே கெடுக்கும் என்பது மற்றொரு மறுப்பு. வாசித்துப் புரிந்துகொள்வது எழுத்தறிதலையும் கேட்டுணர்தலையும் பெருக்கினால் கிடைக்கும் விளைவு என்று ஆய்வாளர்கள் கஃப், டன்மர் இருவரும் 1986-இல் வகுத்தனர். எழுத்தறிதலில் திணறும் பிள்ளையின் கேட்டுணர்தல் பெரும்பாலும் வகுப்புக்கு ஈடாகவே இருக்கும். பலம் என்று உறுதியாகச் சொல்ல முடிவது இதையே. டிஸ்லெக்சியா உள்ளோர் அனைவரும் ஓவியத்திலோ வடிவமைப்பிலோ மேதைகள் என்ற பேச்சுக்குச் சான்று கலவையானது. மேதையாக வராத பிள்ளையை அது இன்னொரு முறை தோற்கடிக்கிறது. அறிவியல் பாடத்தைக் காதால் கேட்டுக் கேள்விக்கு வாயால் பதில் சொல்லும் பிள்ளை அறிவியலில் பின்தங்குவதில்லை. அதன் வாசிப்புப் பயிற்சி தனி வேளையில் தொடரலாம். பாடநூலில் அச்சிட்ட கியூஆர் குறியீடும் ஆசிரியரின் கைபேசியும் இதற்குப் போதும். சான்றிதழ் பெற்றவர்களுக்குப் பொதுத்தேர்வில் எழுதுபவர் உதவி, கூடுதல் ஒரு மணி நேரம், ஒரு மொழிப்பாட விலக்கு ஆகியவை கிடைக்கின்றன. முதலிரண்டும் தேவையான உரிமைகள். மூன்றாவதை எத்தனை பேர் உண்மையில் விரும்பிக் கேட்கிறார்கள், எத்தனை பேர் அரும்பில் கிடைக்காத பாடத்துக்கு ஈடாக அதைப் பெறுகிறார்கள் என்பதைப் பள்ளிக்கல்வித் துறை பிரித்துப் பார்க்க வேண்டும்.