அம்மாகிட்ட சொன்னதுக்கு அப்புறம்

சிதம்பரத்துல இருந்து ஒரு ப்ளஸ் டூ மாணவி வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாங்க. தினமும் ராத்திரி அம்மா அவங்க போனை வாங்கிப் பார்க்கிறாங்களாம். அதனால அம்மாவுக்குத் தெரியாம இன்னொரு இன்ஸ்டாகிராம் கணக்கு வச்சிருக்காங்க. "இந்தக் காவல் எல்லாம் போன் வந்த பிறகுதானே?"ன்னு கேட்டிருந்தாங்க.

இல்லைங்க. போனுக்கு முன்னாடி வாரப் பத்திரிகை இருந்தது. வீட்டுக்கு ஒரே பிரதி, அப்பா படிக்கிறதையேதான் பொண்ணும் படிப்பா. அந்தப் பயத்தை நல்லாக் கிளறிவிட்டவர் உங்க பக்கத்து ஊர்க்காரர்தான்: 1934-ல் கடலூர் மஞ்சக்குப்பத்துல பிறந்த ஜெயகாந்தன்.

1966-ல் ஆனந்த விகடன்ல அவருடைய 'அக்கினிப் பிரவேசம்' வந்தது. மழையில பஸ்ஸுக்கு நிற்கிற கல்லூரிப் பெண்ணை ஒருத்தன் கார்ல ஏத்திக்கிட்டுப் போய் அத்துமீறுறான். அவ வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட சொல்லிடுறா. அம்மா முதல்ல பதறி அலறுறாங்க. அப்புறம் மகள் தலையில தண்ணி ஊத்தி, நீ சுத்தம்தான், இதை யார்கிட்டயும் சொல்லாதேன்னு முடிச்சிடுறாங்க. (யார்கிட்டயும் சொல்லாதேங்கிறது எனக்கு உடன்பாடில்ல, அது வேற விஷயம்.)

வாசகர்கள் கொதிச்சுட்டாங்க. எப்படி ஒரு அம்மா இதைத் தண்ணி ஊத்தித் தீர்க்கலாம்னுதான் பெரிய சண்டையே. ஜெயகாந்தன் அதுக்கு ஒரு நாவலாவே பதில் எழுதினார்: 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. அதே மழை, அதே பொண்ணு. ஆனா இந்தத் தடவை அம்மா போட்ட கூச்சல்ல விஷயம் அண்ணனுக்குப் போகுது. அவன் அடிச்சு வீட்டை விட்டே துரத்துறான். வருஷங்கள் கழிச்சு, வேலைக்குப் போற கங்கா ஒரு பத்திரிகையில 'அக்கினிப் பிரவேசம்' கதையைப் படிக்கிறா. தனக்குக் கிடைக்காத அம்மாவை அவ அங்க பார்க்கிறா.

ரெண்டு கதையிலயும் பொண்ணு தானா வந்து சொன்னா. அம்மா யாரும் அவ பையைத் துழாவிக் கண்டுபிடிக்கல. இது எனக்கு முக்கியமாப் படுறதுக்குக் காரணம் 2000-ல் வந்த ஒரு ஆய்வு. ஸ்வீடன்ல ஹாகன் ஸ்டாட்டினும் மார்கரெட் கெர்ரும் 14 வயசுப் பிள்ளைகள் 703 பேரையும் அவங்க பெற்றோரையும் கேட்டாங்க. அதுவரைக்கும் ஆய்வாளர்கள் கண்காணிப்புன்னு அளந்தது, பெற்றோருக்கு எவ்வளவு தெரியும்ங்கிறதைத்தான். அந்த விவரம் எங்கிருந்து வருதுன்னு பார்த்தா, பெரும்பாலும் துருவிக் கேட்டோ கட்டுப்பாடு போட்டோ வரல. பிள்ளைங்க தானா சொன்னதால வந்தது. தானா சொல்ற பிள்ளைங்ககிட்ட தப்புத்தண்டாவும் குறைவு. சொல்றதாலதான் குறையுதா, ஒழுங்கா இருக்கிறதால சொல்றாங்களாங்கிறதை இதை மட்டும் வச்சு முடிவு பண்ண முடியாது.

நாவலுக்கு 1972-ல் சாகித்ய அகாடமி விருது கிடைச்சது. பீம்சிங் அதைப் படமா எடுத்தார். கங்காவா நடிச்ச லட்சுமிக்குத் தேசிய விருது. படிக்கப் பொறுமை இல்லாதவங்க அங்கிருந்தே தொடங்கலாம். ஆனா முதல்ல அந்தச் சிறுகதையைப் படிச்சிடுங்க, ஒரே உட்காரல்ல முடிஞ்சிடும்.