மூன்று முகப் பகைவன்

கால் சூம்பிய குழந்தையைக் கண்டால் 'முன்வினைப் பயன்' என்று பெருமூச்செறிவது நாட்டார் வழக்கம். தொட்டிலில் கிடக்கும் பிஞ்சு, எந்தப் பிறவியில் எவர் குடியைக் கெடுத்ததாம்? கேட்டவனுக்குக் கிடைத்தது விடையல்ல, வசை! இளம்பிள்ளை வாதத்துக்கு வினையும் காரணமல்ல, விதியும் காரணமல்ல. நுண்நோக்காடிக்கும் அகப்படாத வைரஸ் ஒன்றே காரணம் என்பதற்கு, வியன்னா நகரில் லாண்ட்ஸ்டைனரும் பாப்பரும் 1908-ஆம் ஆண்டிலேயே குரங்குகளைக் கொண்டு சான்று காட்டிவிட்டனர்.

பாமரர் விதியை நம்பினர் என்றால் வியப்பில்லை. படித்த மேதைகளும் ஒரு நம்பிக்கையைக் கட்டிக்கொண்டு ஆண்டுகள் பலவற்றை இழந்தனரே, அந்த வரலாற்றைத்தான் நாம் இங்கே பேச விழைகிறோம்.

பகைவன் ஒருவனே, அவனுக்கு முகமும் ஒன்றே என்பது அந்த நம்பிக்கை. அது முளைத்ததற்குக் காரணமும் இருந்தது. நோயினின்று பிழைத்த குரங்குக்கு அதே வைரஸை மீண்டும் ஏற்றினால் அதற்கு ஒன்றும் நேர்வதில்லை. அதன் குருதியில் எதிர்ப்பொருள் என்னும் காவலன் பிறந்துவிடுகிறான். வைரஸைக் கண்டதும் பற்றிக்கொள்கிறான். நரம்பை நெருங்கவிடாமல் தடுக்கிறான். 1910 அளவிலேயே இதை அறிந்தனர். ஆனால் ஆராய்ச்சிக்கூடத்தில் வளர்த்த ஒரே வைரஸை வைத்து இதைப் பார்த்துவிட்டு, உலகில் உள்ளதெல்லாம் இதுதான் என்று முடிவு கட்டினர். ஒரு கிணற்று நீரைக் குடித்துவிட்டு ஊர்க் கிணறுகள் அனைத்துக்கும் சுவை சொன்ன கதைதான்!

ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் மாக்ஃபார்லேன் பர்னெட் என்னும் அறிஞரும் ஜீன் மாக்னமாரா என்னும் பெண் மருத்துவரும் 1931-ல் ஓர் எளிய கேள்வி கேட்டனர். உள்ளூர் வைரஸால் நோயுற்றுத் தேறிய குரங்குக்கு, நியூயார்க்கிலுள்ள ராக்ஃபெல்லர் நிலையத்து வைரஸை ஏற்றினால் என்ன ஆகும்? ஏற்றினர். குரங்கு முடங்கியது! மெல்போர்ன் வைரஸைக் கண்டு எழுந்த காவலனுக்கு நியூயார்க் வைரஸின் முகம் தெரியவில்லை. பகைவர் ஒருவரல்லர், குறைந்தது இருவர் என்பது அன்றே வெளிப்பட்டது.

வையம் வியந்து வரவேற்றதா? இல்லை. ராக்ஃபெல்லர் நிலையத்தின் தலைவர் சைமன் ஃப்ளெக்ஸ்னரின் செல்வாக்கு ஓங்கியிருந்த காலம் அது. எங்கோ தென்கோடியில் இருவர், அவருள் ஒருவர் இளம் பெண், குரங்குகள் சிலவற்றை வைத்துக்கொண்டு பெரியவர்களின் கருத்தை மறுப்பதா? நூல்களை எரிக்கவில்லை, நாக்கை அறுக்கவில்லை, அலட்சியமே போதுமானதாயிற்று. 1935-ல் ப்ரோடி, கோல்மர் என்ற இருவர் தனித்தனியே தடுப்பு மருந்து செய்து ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்கு ஏற்றினர். எத்தனை வகை வைரஸை எதிர்க்கவேண்டும் என்பதை அறியாமலே ஏற்றினர். பாதுகாப்பு மெய்ப்படவில்லை, கோல்மர் மருந்தை ஏற்றபின் குழந்தைகள் சிலர் முடங்கினர், சிலர் மாண்டனர். அதன்பின் பல்லாண்டுக் காலம் தடுப்பு மருந்து என்ற பேச்சை எடுக்கவே அறிஞர்கள் அஞ்சினர்.

உண்மை மீண்டும் தலைதூக்கியது 1949-ல். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் போடியன், இசபெல் மார்கன், ஹாவர்டு ஹோவ் ஆகியோர், வைரஸ் இருவகையல்ல, மூவகை என்று நிறுவினர். முதல் வகைக்கு 'ப்ரூன்ஹில்டே' என்று பெயர். அது ஒரு சிம்பன்சியின் பெயர்! இரண்டாவது, மிச்சிகன் மாநிலத்து லான்சிங் நகரின் பெயரைக் கொண்டது. மூன்றாவது லியோன், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் இந்நோயால் மாண்ட சிறுவனின் பெயர்.

மூன்றோடு முடிந்ததா, முப்பது உண்டா? அதைத் தெளிந்தாலன்றித் தடுப்பு மருந்து இல்லை. பத்து சென்ட் நாணயங்களாகப் பொதுமக்கள் அனுப்பிய நிதியைக் கொண்டு நான்கு பல்கலைக்கழகங்கள் 196 வைரஸ் மாதிரிகளை ஒவ்வொன்றாகச் சோதித்தன. பல்லாயிரம் குரங்குகள் அதற்குப் பலியாயின. அவற்றுள் பல இந்தியக் காடுகளில் பிடிபட்டுக் கடல் கடந்தவை. வெளிவந்த கணக்கில் முதல் வகை 161, இரண்டாவது 20, மூன்றாவது 15. நான்காவது இல்லவே இல்லை!

அச்சோதனையில் உழைத்த நால்வருள் ஒருவரான ஜோனாஸ் சால்க், மூவகையையும் கொன்று ஒரே ஊசியில் அடைத்தார். அதன் வெற்றி 1955 ஏப்ரல் 12 அன்று அறிவிக்கப்பட்டது. அவர் எடுத்த முதல் வகை ஓஹையோவில் கிடைத்தது. இரண்டாம் வகையோ எகிப்தில், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் படைமுகாமிலிருந்து வந்தது. எகிப்து வைரஸைக் கண்டு எழுந்த எதிர்ப்பொருள் அமெரிக்கக் குழந்தையைக் காத்தது எங்ஙனம்? வைரஸின் மரபுச்செய்தி ஏறத்தாழ 7,400 எழுத்துகளால் ஆனது. ஊருக்கு ஊர், ஆண்டுக்கு ஆண்டு அவ்வெழுத்துகள் மாறிக்கொண்டே இருக்கும். எதிர்ப்பொருளோ எழுத்தைப் படிப்பதில்லை. வைரஸ் போர்த்திய புரத உறையின் மேடுபள்ளங்களைத்தான் தடவிப் பார்க்கிறது. எழுத்து எத்தனை மாறினும் ஒரு வகைக்குள் உறையின் முகச்சாயல் பெரிதும் மாறுவதில்லை. ஆகவே ஒரு கிளையைக் கண்ட காவலன் அவ்வகையின் மற்றக் கிளைகளையும் அடையாளம் காண்கிறான்.

பெரிதும் என்றோம், முற்றும் என்று சொல்லவில்லை. 1984-ல் பின்லாந்து நாட்டில், நோய் ஒழிந்து இருபதாண்டு உறங்கிக்கிடந்த நிலையில், மூன்றாம் வகையின் ஒரு கிளை புகுந்து சிலரை முடக்கியது. அதன் உறையில் சிறு மாற்றம். அங்கு வழங்கிய ஊசி எழுப்பிய மூன்றாம் வகை எதிர்ப்பொருளும் அளவில் குறைவு. இரண்டும் சேர்ந்ததால் வந்தது வினை. வலுவான தடுப்பு மருந்தை நாடெங்கும் வழங்கியதும் நோய் அடங்கியது. காவலன் ஆளைத் தெரிந்தால் மட்டும் போதாது, படைபலமும் வேண்டும்.

நம் நாட்டு அனுபவமும் இதற்குச் சான்று. வாய்வழிச் சொட்டு மருந்து மூன்று தவணை தந்தும் நம் குழந்தைகள் பலரிடம் போதிய எதிர்ப்பொருள் பிறக்கவில்லை என்று வேலூரில் டி. ஜேக்கப் ஜான் 1970-களிலேயே எடுத்துக்காட்டினார். மூவகையும் ஒரே துளியில் சென்றால், இரண்டாம் வகை குடலில் முந்திக்கொண்டு மற்ற இரண்டையும் பின்தள்ளியது. இரண்டாம் வகை நோய் 1999-ல் அலிகாருடன் ஒழிந்தது. ஆனால் உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் பத்துத் தவணைக்கு மேல் சொட்டு மருந்து பெற்ற குழந்தைகளும் முதல் வகையால் முடங்கினர். 2005-ல் முதல் வகையை மட்டும் கொண்ட மருந்தும், 2010-ல் முதல், மூன்றாம் வகைகளைக் கொண்ட மருந்தும் வந்தன. 2011 சனவரியில் ஹவுரா மாவட்டத்துச் சிறுமி ஒருத்தியோடு இந்தியாவில் அந்நோய் நின்றது.

உலகில் இரண்டாம் வகை ஒழிந்தது என்று 2015-ல் சான்றளித்தபின், 2016 ஏப்ரலில் சொட்டு மருந்திலிருந்து அவ்வகையை நீக்கினர். நீக்கியதற்கும் காரணம் உண்டு: அம்மருந்திலிருந்த உயிருள்ள வைரஸ், தடுப்பு பெறாதோர் இடையே நெடுநாள் பரவினால் மீண்டும் நஞ்சாக மாறும். ஆனால் முன்பே பரவத் தொடங்கியவை சில எஞ்சிவிட்டன. புதிதாய்ப் பிறந்த குழந்தைகளின் குடலிலோ முதல் வகைக்கும் மூன்றாம் வகைக்கும் காவல் இருந்தது, இரண்டாவதற்கு இல்லை. ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் அது பரவியது. 2022-ல் நியூயார்க் மாநிலத்திலேயே ஒருவரை முடக்கியது. 2024-ல், இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் காசாவில் பத்துத் திங்கள் குழந்தையின் கால் ஓய்ந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் குண்டுவீச்சைப் பகுதி பகுதியாக நிறுத்தி, ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் வாயில் இருதுளி விட்டனர். அத்துளியில் இருந்தது இரண்டாம் வகை மட்டுமே.