மூச்சு புகுந்த சுரைக்குடுக்கை

நியூசிலாந்தின் மாவோரி மக்கள் தம் மரபிசைக் கருவிகளைத் 'தாவோங்கா பூவோரோ' என்பர். மரம், கல், சங்கு, திமிங்கிலப் பல், அல்பட்ரோஸ் பறவையின் சிறகெலும்பு, சுரைக்குடுக்கை என்று காடும் கடலும் கொடுத்தவற்றால் ஆனவை இவை. ஒவ்வொன்றுக்கும் குலமரபு உண்டு. பண் விண்தந்தை ராங்கினுயியின் வழியில் வந்தது. தாளம் மண்தாய் பாப்பாத்தூஆனுக்குவின் நெஞ்சத் துடிப்பு. ஆதலால் கருவியைப் பிள்ளையின் கையில் கொடுக்கும்போதே அதன் வம்சக் கதையையும் சொல்லிவிடுகிறார்கள்.

அக்கதைகளுள் என்னை மிகவும் ஈர்த்தது பூத்தோரினோ என்னும் ஊதுகருவியின் கதை. குழலிசைத் தெய்வமான ஹினே ராவ்கத்தவுரி தன் குழலைப் பிரிய மனமின்றி, அதனுள்ளேயே வாழும் கூட்டுப்புழுவாக மாறினாளாம். மரக்கிளைகளில் தொங்கும் ஒருவகை அந்துப்பூச்சியின் கூடுதான் அவள் இல்லம். அவ்வினத்தின் பெண்பூச்சிக்குச் சிறகில்லை. வாழ்நாளைக் கூட்டுக்குள்ளேயே கழிக்கிறது. நடு பருத்து முனைகள் ஒடுங்கிய அக்கூட்டின் வடிவிலேயே பூத்தோரினோவைச் செதுக்குகிறார்கள். மரத்தை நெடுக்காகப் பிளந்து, குடைந்து, மீண்டும் சேர்த்துக் கட்டுவர். எக்காளம்போல் ஊதினால் ஆண்குரல்; குழல்போல் ஊதினால் பெண்குரல். தோட்டத்துக் கிளையில் கூட்டைக் கண்ட குழந்தைக்கு, கருவியின் இலக்கணத்தில் பாதி அங்கேயே விளங்கிவிடும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிறித்தவப் பாடல்களும் ஐரோப்பியக் கருவிகளும் பரவ, பல கருவிகள் அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் ஊமையாயின. அவற்றை மீண்டும் பேச வைத்தவர்களுள் முதன்மையானவர்கள் ஹிரினி மெல்போர்ன், ரிச்சர்டு நன்ஸ், சிற்பி பிரையன் பிளின்டாஃப் ஆகியோர். முதியோரின் நினைவில் எஞ்சியிருந்த துணுக்குகளைத் தேடித் திரட்டினார்கள். மெல்போர்னும் நன்ஸும் இசைத்த 'தெ கூ தெ வே' ஒலித்தொகுப்பு 1994இல் வெளிவந்தது. 2003இல் மறைந்த மெல்போர்ன், பறவைகளையும் பூச்சிகளையும் பற்றி மாவோரி மொழியில் சிறுவர் பாடல்கள் இயற்றியவரும்கூட. அவ்விரு பணிகளையும் ஒன்றாகவே நான் காண்கிறேன்.

இவ்விசையைக் கற்கும் சிறுவர் தொடங்குவது எளிய கருவிகளில்தான். துமுத்துமு என்பது தட்டி ஒலிக்கும் கல்லோ மரமோ எலும்போதான். நல்ல ஓசையுள்ள கல்லைத் தேடுவதே முதற்பாடம். பொரோத்தித்தி என்னும் சிறு வட்டை, சோடா மூடியில் நூல் கோத்து இழுத்துச் சுழற்றுவோமே, அதே முறையில் ரீங்கரிக்கும். சளி பிடித்த குழந்தை உறங்கும்போது அதன்மேல் இதை ஒலிக்கச் செய்வது பழைய வழக்கம். சுரைக்காய்க்கோ பொறுமை வேண்டும்: விதைத்து, காய்க்க விட்டு, மாதக்கணக்கில் உலர்த்தியபின்தான் அது குடுக்கையாகும். புயல்களின் சினத்தைத் தன்னுள் வாங்கி அமைதி தந்த சுரைத் தெய்வம் ஹினே பூ தெ ஹுவேயின் உடல் அது.

கோஅவுஅவு என்னும் மூன்று துளைக் குறுங்குழலைக் களிமண்ணிலும் செய்யலாம். ஒரே மண்ணில் இருவர் வனைந்தால் இரண்டு சுருதி பிறக்கும். அதைப் பியானோவுக்கு ஏற்பத் திருத்த முனைவது பிழை என்பது என் துணிபு. பழைய மாவோரிப் பாட்டு, குறுகிய சுரவெளிக்குள் நுண்ணிய ஏற்ற இறக்கங்களால் நடப்பது. பிள்ளைகள் தத்தம் குழலின் சுருதியிலேயே அதைப் பாடிப் பழகட்டும்.