கண்டாங் கெர்பாவும் உயிரணுவின் கதையும்

தேக்கா சந்தைக்கு அருகில் பஃபலோ சாலை, கெர்பாவ் சாலை என இரண்டு தெருக்கள் உள்ளன. ஒன்று ஆங்கிலப் பெயர். மற்றொன்று மலாய்ப் பெயர். இரண்டும் குறிப்பது எருமையையே. சிராங்கூன் வட்டாரத்தில் ஒரு காலத்தில் கால்நடை வணிகம் செழித்திருந்தது. அவ்வணிகத்திலும் பால் தொழிலிலும் நம் முன்னோர் பலர் ஈடுபட்டிருந்தனர். எருமைத் தொழுவம் என்பதற்கான மலாய்ச் சொல் 'கண்டாங் கெர்பாவ்'. அப்பெயரையே அங்கு எழுந்த மருத்துவமனையும் ஏற்றது. சிங்கப்பூரில் உயிரணு அறிவியல் மக்கள் வாழ்வைத் தொட்ட வரலாற்றை அறிய விரும்பும் நாம் இவ்விடத்திலிருந்து தொடங்குவது பொருந்தும்.

கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையின் வரலாறு 1858ஆம் ஆண்டில் தொடங்குகிறது. அதே ஆண்டில் ஜெர்மனியில் ருடால்ஃப் விர்ச்சோ என்னும் மருத்துவர், உயிரணு நோயியல் பற்றித் தாம் ஆற்றிய விரிவுரைகளை நூலாக வெளியிட்டார். ஒவ்வோர் உயிரணுவும் முன்னிருந்த வேறோர் உயிரணுவிலிருந்தே பிறக்கிறது. நோய் என்பது உயிரணுவின் செயல் பிறழ்வே என்பன அவர் நிலைநாட்டிய கருத்துகள். 1665இல் இராபர்ட் ஹூக் தக்கைத் துண்டில் கண்டு பெயரிட்ட சிறிய அறைகள், ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பின் மருத்துவத்தின் அடித்தளமாயின. தொலைவிலிருந்த இவ்விரு தொடக்கங்களும் பின்னர் சிராங்கூன் அருகே சந்தித்தன.

1924ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள், கண்டாங் கெர்பாவ் 30 படுக்கைகள் கொண்ட மகப்பேற்று மருத்துவமனையாயிற்று. 1966ஆம் ஆண்டில் மட்டும் அங்கு 39,835 குழந்தைகள் பிறந்தன. பதின்மூன்று நிமிடத்திற்கு ஒரு குழந்தை என்னும் கணக்கு அது. ஒரே மருத்துவமனையில் ஓராண்டில் நிகழ்ந்த மிகுதியான பிறப்புகள் என அது உலகச் சாதனையாகப் பதிவு பெற்றது.

அப்பிறப்புகள் ஒவ்வொன்றிலும் உழைத்தது கருப்பைத் தசை. தசை எவ்வாறு சுருங்குகிறது என்பதற்குத் தெளிவான விடை 1954இல்தான் கிடைத்தது. ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் ரோல்ஃப் நீடர்கெர்கெயும் ஒருபுறம், ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும் மறுபுறம் தனித்தனியே ஆராய்ந்து ஒரே முடிவுக்கு வந்தனர். அவர்கள் ஆராய்ந்தது எலும்போடு இணைந்த வரித்தசை. தசை சுருங்கும்போது அதிலுள்ள புரத இழைகள் குறுகுவதில்லை; மயோசின் இழைகளும் ஆக்டின் இழைகளும் ஒன்றன்மேல் ஒன்று சறுக்குகின்றன. தேர்வடத்தை மாற்றி மாற்றிப் பிடித்து இழுக்கும் கைகளைப் போல, மயோசினின் தலைகள் ஆக்டினைப் பற்றி இழுக்கின்றன.

கருப்பையின் மென்தசையிலும் இழுப்பது அதே மயோசின்தான்; அதை எழுப்பும் முறை மட்டும் வேறு. ஆக்சிடோசின் என்னும் இயக்குநீர் தசை உயிரணுவின் சவ்விலுள்ள ஏற்பியில் வந்து பொருந்தும்போது உயிரணுவுக்குள் கால்சியம் பெருகுகிறது. கால்சியம் மயோசினை வேலைக்கு எழுப்புகிறது. குழந்தை பிறந்த பின்னும் அச்சுருக்கம் தொடர வேண்டும். நஞ்சுக்கொடி பிரிந்த இடத்தில் திறந்து கிடக்கும் இரத்தக் குழாய்களை இறுக்கி அடைப்பது அத்தசையே. அது தளர்ந்தால் தாய் சில நிமிடங்களிலேயே பெருமளவு இரத்தத்தை இழப்பாள். பாடநூலில் ஒரு படமாகக் காணும் மயோசின், பேற்று அறையில் ஒரு பெண்ணின் உயிர்.

பிறப்பு பெருகிய அதே 1966இல் குடும்பக் கட்டுப்பாட்டு வாரியம் தோன்றியது. 1972 முதல் 'இரண்டோடு நிறுத்துவோம்' என்னும் இயக்கம் வலுப்பெற்றது. பிள்ளைகள் மிகுந்துவிட்டனர் என்று நாடு கவலைப்பட்ட காலத்தில், ஒரு பிள்ளையும் இல்லாதவர்களின் துயரம் எண்ணிக்கைகளில் தென்படவில்லை. அத்துயரைத் தம் பணியாக ஏற்றவர்களுள் முதன்மையானவர் பேராசிரியர் எஸ். எஸ். ரத்தினம். 1928இல் இலங்கையில் பிறந்த இத்தமிழர், சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தின் மகப்பேறு, மகளிர் நோயியல் துறைக்குத் தலைமை ஏற்றிருந்தார். அவரது குழுவினரின் முயற்சியால் 1983ஆம் ஆண்டு மே 19ஆம் நாள் கண்டாங் கெர்பாவில் ஒரு குழந்தை பிறந்தது. ஆசியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை என உலகம் அதனை அறிந்தது.

இங்கு ஒரு செய்தியையும் நேர்மையுடன் குறிப்பிட வேண்டும். 1978 ஜூலையில் இங்கிலாந்தில் இத்தகைய முதல் குழந்தை பிறந்த சில மாதங்களில், அக்டோபரில், கொல்கத்தாவில் மருத்துவர் சுபாஷ் முகர்ஜியும் அதே சாதனையை அறிவித்தார். அவர் வாழ்நாளில் அது ஏற்கப்படவில்லை. மறைவுக்குப் பின்னரே அவருக்குரிய மதிப்பு கிடைத்தது. சிங்கப்பூரின் முயற்சிக்கோ பல்கலைக்கழகமும் மருத்துவமனையும் துணை நின்றன. அறிவு மட்டும் போதாது, அதனைத் தாங்கும் நிறுவனமும் தேவை என்பதை இவ்விரு வரலாறுகளும் சேர்ந்தே கற்பிக்கின்றன.

எல்லாத் தம்பதியருக்கும் கருமுட்டையையும் விந்தணுவையும் ஒரு கலத்தில் சேர்த்து வைப்பது போதுமானதாக இல்லை. உயிரணுவைச் சூழ்ந்திருப்பது இரண்டு அடுக்குக் கொழுப்பு மூலக்கூறுகளாலான சவ்வு. அது மதிற்சுவர் போல் அசைவற்றது அன்று; அதில் புரதங்கள் மிதந்து நகர்கின்றன என்று 1972இல் சிங்கர், நிக்கல்சன் ஆகிய இருவரும் விளக்கினர். கருவுறுதல் என்பது விந்தணுவின் சவ்வும் முட்டையின் சவ்வும் ஒன்றாகக் கலப்பதே. ஆனால் முட்டையின் சவ்வுக்கு வெளியே தடித்த உறை ஒன்று உண்டு. வலிமை குன்றிய விந்தணு அங்கேயே நின்றுவிடும். நுண்ணிய ஊசியால் அவ்வுறையைக் கடந்து விந்தணுக்களை உள்ளே விட்டு, சவ்வுகளின் கலப்பை இயற்கையிடமே ஒப்படைத்தனர் சிங்கப்பூர் ஆய்வாளர்கள். இம்முறையால் உண்டான கருத்தரிப்பை 1988இல் 'லான்செட்' மருத்துவ இதழில் அவர்கள் அறிவித்தனர்.

அக்குழுவில் இருந்தவர்களுள் ஒருவர் இலங்கையில் பிறந்த பேராசிரியர் ஆரிஃப் போங்சோ. கருவுற்ற முட்டை ஒன்று இரண்டாகவும், இரண்டு நான்காகவும் பிரிந்து, ஐந்தாம் நாளளவில் ஏறத்தாழ நூறு உயிரணுக்களாலான உருண்டையாகிறது. ஒவ்வொரு பிரிவுக்கும் முன்னர் குரோமோசோம்கள் இரட்டித்து, பின்னர் இரு பக்கமும் சரிசமமாக இழுக்கப்படுகின்றன. அவ்வுருண்டையின் உட்புற உயிரணுக்களே பின்னர் குழந்தையின் உடலாகின்றன. அவற்றைப் பிரித்தெடுத்து ஆய்வுக்கூடத்தில் சிறிது காலம் வளர்த்ததை 1994இல் போங்சோ வெளியிட்டார். நான்கு ஆண்டுகளுக்குப் பின் அமெரிக்காவில் ஜேம்ஸ் தாம்சன் அத்தகைய உயிரணுக்களைத் தொடர்ந்து வளரும் வரிசைகளாக நிலைபெறச் செய்தார். இன்றைய குருத்தணு ஆய்வின் வேர்களுள் ஒன்று பிள்ளைப்பேற்று ஏக்கத்தில் ஊன்றியிருக்கிறது.

பிரிதல் உயிரின் தொடக்கம் என்றால், கட்டுமீறிய பிரிதல் புற்றுநோய். அம்மறுபக்கத்தை நுண்நோக்கியில் வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்தவர் மற்றொரு தமிழர், பேராசிரியர் க. சண்முகரத்தினம். மூக்குத்தொண்டைப் புற்றுநோய் பற்றிய அவரது ஆய்வுகள் உலகப் புகழ் பெற்றவை. 1967இல் சிங்கப்பூர்ப் புற்றுநோய்ப் பதிவகத்தை அவர் நிறுவினார். 1968 முதல் நாடு தழுவிய கணக்கு அதில் சேர்ந்து வருகிறது. தனித்தனி நோயாளியின் திசுவில் கண்ட பிறழ்வுகளை ஒன்றுதிரட்டி, ஒரு சமூகத்தின் நோய்வரலாறாக்கிய பணி அது. விர்ச்சோ சொன்னதன் இரு பொருள்களையும் இவ்விரு தமிழ் மருத்துவர்களின் வாழ்வில் காண்கிறோம்.

1997இல் மருத்துவமனை புக்கிட் தீமா சாலையிலுள்ள புதிய கட்டடத்திற்கு மாறியது. ஹேம்ப்ஷியர் சாலையிலுள்ள பழைய வளாகம் இன்று நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அலுவலகம்.

ஆசிரியர்களுக்கு ஒன்று கூற விழைகிறோம். இங்கு அறிவியல் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படுகிறது. ஆயினும் மருத்துவரின் அறையில் முதிய தாயின் அருகே அமர்ந்து, நடப்பது என்ன என்று தமிழில் எடுத்துரைக்க வேண்டியவர் பெரும்பாலும் அவருடைய பேரப்பிள்ளையே. தமிழ்நாட்டில் 'செல்', இலங்கையில் 'கலம்', இங்கு 'உயிரணு' எனச் சொற்கள் வேறுபடலாம். மூன்றையும் மாணவர் அறிந்திருப்பது நன்று. அறுவை சிகிச்சைப் படிவத்தில் கையெழுத்திடும் ஒருவருக்குத் தம் உடலில் நிகழப்போவது தாம் அறிந்த மொழியில் விளங்காவிடில், அது பெயரளவிலான ஒப்புதலே. மயோசினின் இழுப்பையும் சவ்வின் கலப்பையும் உயிரணுவின் பிரிவையும் தமிழில் விளக்கத் தெரிந்த ஒரு தலைமுறையைத் தமிழ் வகுப்பு உருவாக்க முடியும். அதற்கு வேண்டிய கதைகள் தேக்காவிலிருந்து நடந்து செல்லும் தொலைவிலேயே இருக்கின்றன.