சோம்பல் முறிப்பது வீண் வேலையா?

தூங்கி எழுந்ததும் கைகளை உயர்த்திச் சோம்பல் முறிக்கிறோம். பூனையும் நாயும்கூட அப்படியே செய்கின்றன. ஒரே நிலையில் கிடந்த தசைகளை நீட்டி, மூட்டுகளை அசைக்கும் இயல்பான செயல் இது. இச்சிறு செயல் தொழிற்சாலைக்குள் நுழைந்த வரலாறு சுவையானது.

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதியை நீங்கள் அறிவீர்கள். இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் ஆலை கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை திறக்கப்பட்டது. இத்தகைய ஆலைகளில் கார் நகர்ந்து வரும். தொழிலாளி தம் இடத்தில் நின்று ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வார். ஒரு திருகை முடுக்குவது எளிது. நாள் முழுவதும் கழுத்தை வளைத்தோ கையை உயர்த்தியோ முடுக்கிக்கொண்டே இருந்தால் உடம்பு என்ன ஆகும்?

இத்தகைய கேள்வியை முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்தவர் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமசினி. தொழிலாளர் நோய்களைப் பற்றி அவர் எழுதிய நூல் 1700இல் வெளிவந்தது. நோயாளியிடம் “என்ன தொழில் செய்கிறீர்கள்?” என்றும் மருத்துவர் கேட்க வேண்டும் என்றார் அவர். நின்றே உழைப்பவர்களுக்குக் காலில் இரத்தக் குழாய்கள் புடைப்பதையும், உட்கார்ந்தே தைப்பவர்களுக்கு முதுகு கூனுவதையும் குறித்து வைத்தார். உட்கார்ந்து வேலை செய்வோர் விடுமுறை நாளிலாவது உடற்பயிற்சி செய்யட்டும் என்று அறிவுரை கூறினார்.

விடுமுறை வரை ஏன் காத்திருக்க வேண்டும்? தினமும் சில நிமிடங்கள் போதாதா? இவ்வெண்ணத்தை வானொலி பரப்பியது. 1925இல் அமெரிக்காவில் மெட்ரோபாலிடன் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் வானொலியில் உடற்பயிற்சி ஒலிபரப்பத் தொடங்கியது. மக்கள் நீண்ட நாள் வாழ்ந்தால் காப்பீட்டு நிறுவனத்துக்கும் இலாபந்தானே! இதைக் கண்டறிந்த ஜப்பானிய அஞ்சல் காப்பீட்டு அதிகாரிகளின் முயற்சியால் 1928 நவம்பர் 1ஆம் நாள் ஜப்பானிலும் வானொலிப் பயிற்சி தொடங்கிற்று. போருக்குப் பின் 1947இல் நின்றுபோன இது, 1951இல் புதிய வடிவம் பெற்றது. பியானோ இசைக்கேற்பச் சுமார் மூன்று நிமிடம், பதின்மூன்று அசைவுகள். முதல் அசைவே கைகளை உயர்த்தி உடலை நீட்டுவதுதான். ஜப்பானில் பல ஆலைகளில் காலை வேலைக்கு முன் இப்பயிற்சி நடைபெறும் வழக்கம் உண்டு.

இதனால் பயன் உண்டா? உண்டு. ஒரு தசையை மெதுவாக நீட்டி அரை நிமிடம் நிறுத்துங்கள். மூட்டு சற்றுக் கூடுதலாக வளையும். தசை உடனே நீண்டுவிடவில்லை. நீட்சியின் இறுக்கத்தை நரம்பு மண்டலம் பொறுத்துக்கொள்கிறது. பல வாரங்கள் தொடர்ந்தால் இந்த வளைவு நிலைக்கும். ஆனால் கடும் வேலைக்குச் சற்று முன் ஒரே தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் நீட்டிப் பிடித்தால் அதன் வலிமை சிறிது நேரம் குறையும். ஆகவே வேலைக்கு முன் கைகால்களை அசைத்துச் செய்யும் பயிற்சியே ஏற்றது.

காயத்தை இது தடுக்குமா? ஆஸ்திரேலியாவில் படையில் சேர்ந்த 1,538 இளைஞர்களை இரு பிரிவாக்கிச் சோதித்தனர். ஒரு பிரிவினர் பயிற்சிக்கு முன் கால் தசைகளை நீட்டினர், மற்றவர் நீட்டவில்லை. 12 வாரங்களுக்குப் பின் கால் காயங்களில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இம்முடிவு 2000இல் வெளியாயிற்று.

இதன் பொருள் என்ன? நீட்சிப் பயிற்சி நல்ல துணை. ஆனால் மேசையின் உயரத்தையோ வேலையின் வேகத்தையோ அது மாற்றாது. நின்று வேலை செய்வோருக்கு உட்கார ஏற்பாடு வேண்டும் என்று இந்தியத் தொழிற்சாலைச் சட்டம் 1948இலேயே தன் 44ஆம் பிரிவில் விதித்தது. மூன்று நிமிடப் பயிற்சி அந்த இருக்கைக்கு ஈடாகாது.

உங்கள் வீட்டில் ஆலைக்குச் செல்பவர் இருக்கிறாரா? அவருக்குக் கைகால்களை நீட்டி அசைக்கக் கற்றுக்கொடுங்கள். கூடவே, எப்படி நிற்கிறார், எவ்வளவு நேரம் நிற்கிறார், இடையே உட்கார முடிகிறதா என்றும் கேளுங்கள். வலிக்குக் காரணம் அந்த விடைகளில் இருக்கக்கூடும்.