எல்லைக்கல்லில் பிறந்த வினைச்சொல்

வேலையிலிருந்து அனுப்பும் கடிதத்தில் 'டெர்மினேட்' என்ற சொல் கண்ணில் பட்டாலே வயிற்றைக் கலக்கும். பிறந்த ஊரில் அது இத்தனை பொல்லாததாக இருக்கவில்லை. லத்தீனில் 'டெர்மினுஸ்' என்றால் எல்லை. வயலுக்கும் வயலுக்கும் நடுவே நட்ட கல். அந்தக் கல்லையே ரோமானியர்கள் சாமியாகக் கும்பிட்டார்கள். நம் எல்லைச்சாமிக்கு ஒன்றுவிட்ட சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கல் நடுவது லேசான காரியமில்லை. குழி வெட்டி, பலி கொடுத்து, ரத்தத்தைக் குழிக்குள் விடுவார்கள். சாம்பிராணி, தானியம், தேனடை, திராட்சை மது எல்லாம் உள்ளே போகும். தீ எரிந்து அடங்கியதும், சூடு ஆறாத சாம்பல் மேல் கல்லை நிறுத்துவார்கள். ஆண்டுதோறும் பிப்ரவரி 23-ல் 'டெர்மினாலியா' திருவிழா. பக்கத்து வயல்காரர்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் நின்று கல்லுக்கு மாலை சூட்டுவார்கள். பிறகு சேர்ந்து உட்கார்ந்து விருந்து. வரப்புத் தகராறு வராமலிருக்க இதைவிட நல்ல ஏற்பாடு எந்தச் சட்டத்தில் இருக்கிறது? சட்டமும் இல்லாமலில்லை. எல்லைக்கல்லை உழுது பெயர்த்தவனுக்கும் அவன் மாடுகளுக்கும் சாபம் என்று நூமா மன்னன் விதித்ததாகச் சொல்வார்கள்.

ரோமில் கேபிடோலின் குன்றில் ஜூபிடருக்குக் கோயில் எழுப்பியபோது, அங்கிருந்த தெய்வங்கள் பலவும் இடம்விட, டெர்மினுஸ் மட்டும் நகர மாட்டேன் என்றாராம். வேறு வழியில்லாமல் கல்லை உள்ளே வைத்தே கோயிலைக் கட்டினார்கள். அவருக்குத் திறந்த வானம் வேண்டும் என்பதால் கூரையில் ஓர் ஓட்டையும் விட்டார்கள்.

'டெர்மினாரே' என்ற வினைக்கு அன்று எல்லை வகுப்பது என்றே பொருள். எல்லை வந்தால் நிலம் முடிந்தது. 'முடித்தல்' அங்கே ஒட்டிக்கொண்டது. அதன் உடன்பிறப்பான 'எக்ஸ்டெர்மினேட்' பாடு இன்னும் மோசம். எல்லைக்கு வெளியே துரத்துவதில் தொடங்கி, பூண்டோடு ஒழிப்பதில் போய் நின்றது. 19-ஆம் நூற்றாண்டில் ரயில் பாதை முடியும் நிலையத்துக்கு 'டெர்மினஸ்' என்று பெயர் வந்தது. 1984-ல் திரைப்படத்தில் ஷ்வார்ஸ்நெகர் 'டெர்மினேட்டர்' ஆகித் துப்பாக்கி தூக்கியதும் சொல்லுக்குக் கொலைகாரன் முகமே வந்துவிட்டது.

இந்த வேரிலிருந்து பெயர் வைத்தவர்களில் எனக்குப் பிடித்தவர் தாவரவியலாளர் லின்னேயஸ்தான். கிளையின் நுனியில் இலைகள் கொத்தாக இருப்பதைப் பார்த்து ஒரு மரப் பேரினத்துக்கே 'டெர்மினாலியா' என்று பெயரிட்டார். நம் மருதும் கடுக்காயும் தான்றியும் தாவரவியலில் இன்றும் டெர்மினாலியாக்கள்தான்.