21 டிகிரி பிழையோடு வந்த சென்சார்

மலேசியாவின் மாலிண்டோ ஏர் நிறுவனத்தின் போயிங் 737 விமானம் ஒன்றில் அது பறந்துகொண்டிருந்தது. மூக்குக்குப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு தகடு. எதிர்க்காற்று வரும் திசைக்கேற்பத் திரும்பும். இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணத்தை விமானிக்கும் கணினிக்கும் சொல்வது அதன் வேலை. கோணம் மிஞ்சினால் இறக்கைக்குத் தூக்கும் சக்தி போய்விடும். 2017 ஆகஸ்டில் கோளாறு தெரிந்ததும் கழற்றிவிட்டார்கள்.

அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்து மிராமாரில் உள்ள எக்ஸ்ட்ரா ஏரோஸ்பேஸ் பணிமனைக்கு அது போனது. அங்கே தகட்டை மாற்றி, அளவு சரிபார்த்தார்கள். சரிபார்க்கும் கருவியில் ஒரு சுவிட்ச் தவறான நிலையில் இருந்திருக்கலாம் என்று பின்னாளில் விசாரணை சொன்னது. தராசு முள் பூஜ்யத்தில் நிற்காதபோதே எடை போட்டால் எல்லா எடையும் ஒரே அளவுக்குத் தப்பாகுமே, அப்படித்தான் ஆயிற்று. உள்ளே இருக்கும் இரண்டு அளவிகளும் ஒன்றுபோல 21 டிகிரி பிசகின. இரண்டும் ஒத்துப்போனதால் சோதனையில் பிழை தெரியவில்லை. 'சரி' என்ற சான்றிதழோடு இந்தோனேசியாவின் பாத்தாம் தீவுக் கிடங்குக்கு வந்து சேர்ந்தது.

2018 அக்டோபர் 28 அன்று பாலியின் டென்பசாரில் லயன் ஏரின் புது 737 மேக்ஸில் அதைப் பொருத்தினார்கள். பொருத்தியபின் தகட்டை மேலும் கீழும் நகர்த்தி, கணினியில் தெரியும் எண்களைப் பார்த்து எழுதிவைக்க வேண்டும். எழுதிவைத்த எண்கள் இல்லை. சோதனைக்குச் சான்றாகக் காட்டிய படங்கள் அந்த விமானத்தில் எடுத்தவை அல்ல என்று விசாரணையாளர்கள் கண்டார்கள். இந்தக் கதையில் என்னை மிகவும் வருத்துவது இந்த இடம்தான். அந்தச் சின்னச் சோதனையை முறையாகச் செய்திருந்தால் 21 டிகிரி அங்கேயே வெளிப்பட்டிருக்கும்.

அன்றிரவே ஜகார்த்தாவுக்குப் பறந்தபோது கேப்டன் பக்கக் கட்டுப்பாட்டுக் கோல் தரையை விட்டெழுந்ததுமே, கோணம் மிஞ்சிவிட்டது என்று எச்சரித்து அதிரத் தொடங்கியது. அந்தக் கோணத்தை நம்பி எம்காஸ் என்ற மென்பொருள் மூக்கைக் கீழே தள்ளியது. அந்தக் குழு வால் இறக்கையை நகர்த்தும் மின்விசையை அணைத்து, பத்திரமாக இறக்கியது. ஆனால் கோல் அதிர்ந்ததும், விசையை அணைத்ததும் பழுதுக் குறிப்பேட்டில் ஏறவில்லை. குறிப்பேட்டில் இருந்ததை மட்டும் வைத்துக்கொண்டு ஜகார்த்தா பொறியாளர்கள் வேறு பாகங்களைச் சுத்தம் செய்தார்கள்.

மறுநாள் காலை 6.20க்கு அதே விமானம் லயன் ஏர் 610 ஆகக் கிளம்பியது. கேப்டன், டெல்லியைச் சேர்ந்த 31 வயது பாவ்யே சுனேஜா. எம்காஸ் இரண்டு பக்கத்துச் சென்சார்களில் ஒன்றை மட்டுமே நம்பும்படி அமைக்கப்பட்டிருந்தது, நம்பியது பிசகிய இந்தச் சென்சாரைத்தான். இடமும் வலமும் முரண்பட்டால் காட்ட வேண்டிய எச்சரிக்கையும் அந்த விமானத்தில் வேலை செய்யவில்லை. மென்பொருள் மூக்கைத் தள்ளத் தள்ள சுனேஜா இருபது தடவைக்கும் மேல் தூக்கிப் பிடித்தார். பன்னிரண்டு நிமிடத்துக்குள் விமானம் ஜாவா கடலில் விழுந்தது. 189 பேர் இறந்தார்கள்.

ஐந்து மாதத்துக்குள் எத்தியோப்பியாவில் இன்னொரு மேக்ஸ் விழுந்து 157 பேர் இறந்தனர். நான்கு பேர் இந்தியர். அதன்பிறகே இந்தியா உட்பட உலகமே மேக்ஸைத் தரையிறக்கியது. 2019 அக்டோபரில் இந்தோனேசியா இறுதி அறிக்கையை வெளியிட்டது. எக்ஸ்ட்ராவின் உரிமத்தை அமெரிக்க அரசு ரத்து செய்தது. எம்காஸ் இப்போது இரண்டு சென்சார்களையும் ஒப்பிட்டுத்தான் இயங்குகிறது. 2020 நவம்பரில் மேக்ஸுக்கு மீண்டும் அனுமதி தந்த அமெரிக்க ஆணை ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு நிபந்தனை விதித்தது: மீண்டும் பறக்கத் தொடங்குமுன் இந்தச் சென்சார்களைச் சோதித்தாக வேண்டும்.